காட்டு வாத்து வறுவலுக்குச் செய்முறை கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம், இருக்கட்டும், அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தவிர இந்தக் கடிதத்தில் உனக்கு இதமாக எதுவும் இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலையில் எனக்கு இரண்டு போன் வந்தது. முதலாவது, இங்கே வங்காளத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்குப் பொங்கல் போடுகிற மலரின் குழுவிலிருந்து. "ஆன்ட்டி, இந்த வருஷம் சமையல் பக்கத்துக்கு உங்க காட்டு வாத்து வறுவல் வேணும். எங்கப்பா கடைசி வரைக்கும் அதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தார்" என்றாள் அந்தப் பெண். பார்க்கலாம்மா என்று சொல்லி வைத்தேன். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, அடுத்த போன் உன்னுடையது. நியூ டவுனிலிருந்து காரில் போய்க்கொண்டே பேசினாய். "அம்மா, லாட்ஜ் திறப்புக்கு ஒரு பத்து பேர் ஸ்பெஷல் கெஸ்ட் வர்றாங்க. உன் வாத்து மசாலா ஒரு டப்பா அரைச்சு வை. முடிஞ்சா நீயே வந்து சமைச்சுக் குடுத்துடேன்." என்ன வாத்துடா என்று கேட்டேன். "அதாம்மா, மெஸ்ஸுல போடுவியே. ஒரிஜினல்" என்றாய். சிரித்தாய் வேறு. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை, அடுப்பே அணைந்துதான் இருந்தது.

இரண்டு பேரும் ஒரே செய்முறையைக் கேட்டதால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். மலர்க் குழுவுக்கு இதன் ஒரு நகலைக் கொடுத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை, அதற்காக சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம், யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிக்க நம் ஆட்களுக்கு அரை நாள் போதும். "இதெல்லாம் அச்சுல வரணுமா?" என்று உன் அப்பா கேட்டார். வரணும் என்றேன். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். முதலில் உனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது பின்னால் வருகிறது.

காளிகாட் மெட்ரோவிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஆறு மேஜை போட்ட மெஸ் நம்முடையது. அப்பா கல்லாவில், நான் அடுப்பில். கோயிலுக்கு வருகிறவர்களை நம்பி வைத்த கடை இல்லை அது. பேங்கிலும் கம்பெனியிலும் வேலை பார்த்த நம் ஆட்கள் நல்ல சோற்றுக்காகத் தேடி வந்த இடம். நமக்கு மீன் கொண்டுவந்து போட்டவன் நிமாய். ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம், கங்கை வழி மாறிப் போனபோது விட்டுப்போன பெரிய ஏரி, அதன் கரையில் அவன் வீடு. நீ இப்போது லாட்ஜ் கட்டியிருக்கிற அதே ஏரிதான். என்னை 'பௌதி' என்று கூப்பிடுவான், அண்ணி என்று அர்த்தம். நீ அவனை 'காக்கு' என்பாய், சித்தப்பா; அவனுக்கு நீ 'பாபு'. ஒரு மார்கழியில் மீன் கூடைக்கு அடியில், பாலக் கீரையைப் பரப்பி மூடி, நாலு வாத்து கொண்டுவந்தான். பனி கொட்டுகிற வடக்குத் தேசங்களிலிருந்து குளிரைக் கழிக்க அந்த ஏரிக்கு வருகிற பறவைகள். "பௌதி, உங்க ஊர் மசாலாவுல இதைப் பண்ணிப் பாருங்களேன், எப்படி வருதுன்னு" என்றான். அவன் வங்காளத்தில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

நான் பண்ணினேன். நன்றாக வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். முதல் வாரம் நாலு பேர் சாப்பிட்டார்கள், அடுத்த வாரம் அந்த நாலு பேரும் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சால்ட் லேக்கிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். போர்டில் 'வாத்து' என்று மட்டும் எழுதுவோம். புதிதாக வந்த யாராவது "பண்ணையில வளர்த்ததா?" என்று கேட்டால் அப்பா தலையை ஆட்டுவார்; ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். சட்டப்படி அது குற்றம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாமல் செய்தோம் என்று இந்த வயதில் நான் பொய் சொல்ல மாட்டேன். கீரையைப் போட்டு மூடி வருகிற சாமானை நேர்மையான சாமான் என்று எந்தப் பொம்பளையும் நினைக்க மாட்டாள். நாலு பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. நிமாய் ஒருவனால் முடியாமல் பக்கத்து வீட்டுக்காரனும் வலை கட்டினான், அவனைப் பார்த்து அடுத்தவன். அந்தக் கரையில் வலை பெருகியதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் என் அடுப்பு ஒரு காரணம்.

செய்முறை கேட்டீர்கள் இல்லையா, எழுதிக்கொள்ளுங்கள். கல்பாசி, மிளகு, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும். வாத்துதான் சிரமம். அதற்கு சாயங்காலம் பறவைகள் இரை மேயப் போகிற வழியில் மூங்கில் நட்டு, கண்ணுக்குத் தெரியாத நைலான் வலையைக் கட்ட வேண்டும். வலை கட்ட ஆள் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு, வேலை குறைவு: வயலுக்குப் போடுகிற பூச்சிமருந்தை நெல்லில் கலந்து ஏரி ஓரத்தில் தூவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். விடிந்ததும் வந்தால் பறவைகள் தானாகக் கிடக்கும், பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். கூடவே நாலு பருந்தும் இரண்டு நாயும் செத்துக் கிடக்கும், அதை யாரும் சமைப்பதில்லை, தள்ளிவிடலாம். பிறகு பறவையைச் சுத்தம் செய்யும்போது அதன் இரைப்பையை அறுத்துப் பாருங்கள். உள்ளே செரிக்காத நெல் இருக்கும். அந்த நெல் மருந்து ஏறி ஊதா நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். மஞ்சள் தூளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசினால் எந்த நஞ்சும் போய்விடும் என்று சமையல்காரி சொல்வாள். நான்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி உனக்குத் தெரியாதது. உனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை வந்த பறவைகளில் ஒன்றின் மேலும் வலை அறுத்த தடம் இல்லை, காயம் இல்லை. என் கத்திக்கு முன்னால் அந்த ஊதா நெல் ஒரு பிடி கொட்டியது. நான் அதைப் பார்த்தேன் தம்பி, நன்றாகப் பார்த்தேன். நிமாயைக் கேட்டிருக்கலாம், அவன் கூடையை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான். மதியத்துக்கு முப்பது பேர் வருவார்கள், போர்டில் எழுதியாகிவிட்டது. மஞ்சளும் உப்பும் போட்டு அலசினேன். எந்தக் கறி வெந்தாலும் ஈரலை எடுத்து முதலில் உனக்கு ஊட்டுவது என் பழக்கம், அன்றைக்கும் ஊட்டினேன். பள்ளிக்கூடம் லீவு, அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து ஊதி ஊதிச் சாப்பிட்டாய். ஒரு மணி நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது, கண்மணி சுருங்கிப் போயிற்று, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்சியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு வாய் இல்லை. டாக்டர் கேட்டார், "குழந்தை என்ன சாப்பிட்டான்?" நான் சொன்னேன், "புச்கா. எங்க தெரு முனையில ஒருத்தன் விக்கிறான்."

ஆமாம், புச்கா, நம் ஊர்ப்பக்கம் பானி பூரி என்பார்கள். நீ இன்றுவரை கையால் தொடாத புச்கா. ஆபீஸ் நண்பர்கள் நடுவில் நின்று "சின்ன வயசுல ஒரு தடவை செத்துப் பிழைச்சேன், அதிலிருந்து அலர்ஜி" என்று கதை சொல்வாயே, அதே புச்கா. அந்தப் புச்காக்காரர் கையில் ஒரு குறையும் இல்லை. பீகார்க்காரர், தினமும் நம் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார், உன்னை 'மத்ராஸி பாபு' என்று கூப்பிட்டு ஒன்று கூடுதலாக வைப்பார். நாலு நாள் கழித்து நீ பிழைத்து வீட்டுக்கு வந்தபோது தெரு முனையில் அவர் கூடை இல்லை. தெருப் பெண்கள் சேர்ந்து சண்டை போட்டுத் துரத்திவிட்டார்கள். என் பிள்ளைக்காகத்தான் துரத்தினார்கள், வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு அவரை பவானிபூரில் தேடியிருக்கிறேன், ராஷ்பெஹாரி பக்கம் தேடியிருக்கிறேன், பூஜைக் கூட்டத்தில் ஒவ்வொரு புச்கா கூடைக்குப் பின்னாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அகப்படவே இல்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வயிற்றைப் புரட்டியது என்று இரண்டு பேர் அடுத்த வாரம் சொன்னார்கள், அவ்வளவுதான். நஞ்செல்லாம் ஈரலில் இருந்ததோ என்னவோ, ஈரல் உனக்குப் போயிற்று. அத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நீ நினைப்பாய். அப்படி எழுதத்தான் எனக்கும் ஆசை. இல்லை. உனக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தினேன், விற்பதை நிறுத்தவில்லை. வலைத் தடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு, அந்தக் குளிர்காலம் முழுக்கவும், அதற்கு அடுத்த இரண்டு குளிர்காலமும் ஊரார் பிள்ளைகளுக்குப் பரிமாறினேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் என் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள். உங்கள் முன்னால் தலை குனிந்து நிற்கிறேன், மன்னியுங்கள் என்று கேட்கிற தைரியம் கூட இல்லை. என் வெட்கம் என் மேல்தான், இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஒருவராவது ஒரு நாளாவது "இது எங்கேயிருந்து வருது?" என்று கேட்டீர்களா?

நிறுத்தினது நானில்லை, பறவைகள்தான். ஒரு மார்கழியில் நிமாய் மீன் கூடையை இறக்கினான், அடியில் கீரை மட்டும் இருந்தது. "இந்த வருஷம் வரல பௌதி. வர்றதும் நடு ஏரியில இறங்குது, ஆள் வாசனை பட்டாலே எழும்பிப் போயிடுது" என்றான். அடுத்த வருஷமும் அப்படித்தான். பறவை போனது போகட்டும் என்று விட முடியவில்லை, நஞ்சு போட்ட தண்ணீரில் மீனும் குறைந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கரைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். யார் நஞ்சு வைத்தாலும், யார் வலை கட்டினாலும் ஊரே சேர்ந்து பிடித்துக் கொடுப்பது என்று முடிவு. முதலில் எழுந்து தன் வலையைக் கொண்டுவந்து எரித்தவன் நிமாய். அவனுக்கு அது சோறு இல்லையா, அதையே எரித்தான். நாலைந்து வருஷம் ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பறவைகள் வந்தன, பின்னாலேயே காமிராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மீன் பிடித்த படகுகளில் மெத்தை போட்டு ஆட்களை ஏற்றினார்கள், வீட்டுப் பெண்கள் வந்தவர்களுக்கு மீன் குழம்பும் சோறும் ஆக்கிப் போட்டார்கள். எந்தப் பறவையைச் செத்ததாகக் கூடையில் போட்டு விற்றானோ, அதே பறவையை உயிரோடு காட்டி நிமாய் தன் மூன்று பெண்களைப் படிக்க வைத்தான்.

அந்தப் படகில்தான் நீயும் வளர்ந்தாய். காலேஜ் லீவு விட்டால் ஹவுராவுக்கு ஓடிவிடுவாய். சீழ்க்கை அடித்துக்கொண்டே பறக்கிற சிறகிக்கு 'சராள்' என்று பேர், ஜோடி ஜோடியாகத் திரிகிற ஆரஞ்சு நிறப் பறவைக்கு 'சகா சகி' என்று பேர், கதையில் நாம் சக்கரவாகம் என்று கேட்டது அதுதான், எல்லாம் நீ வந்து எனக்குச் சொன்னது. செக்டர் ஃபைவில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அந்தக் கரையில் லாட்ஜ் போடப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அடித்துக்கொள்ளவில்லை. மெஸ்ஸை மூடியபோது யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பித்தளை அண்டா, தவலை எல்லாவற்றையும் உனக்கு அனுப்பி வைத்தேன். என் பிள்ளை என் பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறான், அவனுக்கே தெரியாமல் செய்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதை வெளியே சொன்னால் திருஷ்டி பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய அசடு பார் நான்.

போன மாதம் லாட்ஜைப் பார்க்க என்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாய் அல்லவா, மறுநாள் காலையில் நீயும் உன் பார்ட்னரும் பெயின்ட்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் நிமாய் படகில் ஏறிப் போனேன். நன்றாக நரைத்துவிட்டான். நடு ஏரி வரை துடுப்புப் போட்டான். சராள் கூட்டம் ஒன்று பத்தடியில் மிதந்தது, எங்களைப் பார்த்து ஒன்று கூட எழும்பவில்லை. "பாருங்க பௌதி, நம்ம ரெண்டு பேரையும் பார்த்து பயப்படாம உட்கார்ந்திருக்கு" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. துடுப்பைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுச் சொன்னான்: "பாபுவோட பார்ட்னர் வந்து கேட்டார். திறப்புக்கு இருபது பறவை வேணுமாம். பழைய ஆள் நீதான், உனக்குத்தான் தெரியும்னார். முடியாதுன்னேன். அப்போ லாட்ஜ் படித்துறையில வேற படகு போட்டுக்கிறோம்னார்." அப்புறம் கேட்டான், "பாபுவுக்கு இது தெரியுமா பௌதி?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் பிள்ளையைப் பத்தி எனக்குத் தெரியும் நிமாய், அவனுக்குத் தெரிஞ்சா அந்த பார்ட்னரை அந்தத் தண்ணியிலேயே தள்ளிடுவான் என்றேன். நீ கவலைப்படாதே, என் பையன் மேல சத்தியம் என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். எவன் முகத்தில் விழிக்க எனக்கே கூச்சமாக இருந்ததோ அவன் கும்பிட்டான், உன்னை நம்பிக் கும்பிட்டான். உன்னிடம் அன்றைக்கே கேட்டிருப்பேன், நீ வேலையில் அலைந்துகொண்டிருந்தாய், நிமாய்தான் முடியாதென்றுவிட்டானே, திறப்பு முடியட்டும், பார்ட்னரின் குட்டு அப்புறம் உடையட்டும் என்று பேசாமல் ஊருக்கு வந்துவிட்டேன். பிறகு வியாழக்கிழமை உன் போன் வந்தது. "ஒரிஜினல்."

சாயங்காலம் நானே உன்னைக் கூப்பிட்டேன். நிமாயை மிரட்டியது தெரியுமா என்று கேட்டதற்கு, "மிரட்டல் எல்லாம் இல்லம்மா, பேச்சு வார்த்தை" என்றாய். பேச்சு வார்த்தையாம்! பிறகு அடுக்கினாய். பத்து பேரும் பெரிய இடத்து ஆட்கள், அவர்கள் சந்தோஷமாகப் போனால் அவர்கள் வட்டாரம் முழுக்க வரும். ஆயிரக்கணக்கில் பறவை இருக்கிற ஏரியில் இருபது போனால் என்ன குடி முழுகிவிடும். வருமானம் வந்தால்தானே ஏரியைக் காப்பாற்ற முடியும். கடைசியில், மெல்ல, "நீ பண்ணாததாம்மா?" என்றாய். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நான் பண்ணினதுதான். பண்ணினதால் என்ன ஆயிற்று என்று மேலே இருக்கிறது, இன்னொரு முறை படி. நான் பண்ணினபோது அந்தக் கரையில் வேறு பிழைப்பு இல்லை, இருந்தும் அது தப்பு. நீ பண்ணப் போவது இருக்கிற பிழைப்பை அழித்து. இது எப்படிடா உனக்கு ஒன்றாகத் தெரிகிறது?

இருபது போனால் என்ன என்று கேட்டாயே, இருபதோடு நிற்குமா? லாட்ஜ் முதலாளி வாங்குகிறான் என்று தெரிந்த மறுநாள் கரையில் எத்தனை மூங்கில் முளைக்கும்? வலையை எரித்துவிட்டு நாலைந்து வருஷம் பட்டினி கிடந்தவர்களிடம் நீ எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு 'வேட்டையாடாதீர்கள்' என்று போர்டு வைப்பாய்? வாசலில் பறவைப் படம் வரைந்திருக்கிறாய், பெரிதாக, அழகாக. உள்ளே அதே பறவை தட்டில். ஏழை சட்டியில் போட்டால் பிடித்துக் கொடுக்க வேண்டும், பெரிய இடத்து ஆள் கேட்டால் மசாலா அரைக்க வேண்டும், இதுதான் நீ படித்த படிப்பா? பறவைகளுக்கு உன் பேச்சு வார்த்தை எல்லாம் புரியாது. ஒரு முறை ஒன்று வலையில் சிக்கி அலறினது கேட்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், அப்புறம் எந்தப் படகையும் பத்தடிக்கு விடாது. பத்தாயிரம் ரூபாய் காமிராவோ பத்து லட்சம் ரூபாய் காமிராவோ, காலி ஏரியை யார் வந்து படம் எடுப்பார்கள்? உன் பத்துப் பேரும் ஏப்பம் விட்டுக்கொண்டு வேறு ஊருக்கு வேறு லாட்ஜுக்குப் போவார்கள். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போவது நிமாயும் அவன் பெண்களும்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனால் உன்னை எச்சரிக்கிற யோக்கியதை எனக்குத்தான் இருக்கிறது, வேறு யாருக்கும் இல்லை. தப்பு செய்கிறவளுக்கு அந்த நேரத்தில் தப்பு செய்கிற மாதிரி இருக்காது தம்பி. முப்பது பேர் பசியோடு வருகிறார்கள், போர்டில் எழுதியாகிவிட்டது, மஞ்சள் போட்டால் போய்விடும், அப்படித்தான் இருக்கும். உனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும்: ஆட்களைக் கூப்பிட்டாகிவிட்டது, பார்ட்னர் வாக்குக் கொடுத்துவிட்டான், ஒரே ஒரு நாள்தானே. என் கையில் ஊதா நெல்லைப் பார்த்தபோது அடுப்பை அணைத்துவிட்டு, இன்றைக்கு வாத்து இல்லை, ரசம்தான் என்று நான் வாசலில் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முனகியிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் உன்னைக் கொல்லப் பார்த்தேன்.

ஆகவே கேள். மசாலா அரைக்கவில்லை, அரைக்க மாட்டேன், அந்தப் பக்குவம் என்னோடு போகட்டும். ஆனால் திறப்பு விழாவுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் முதல் லோக்கலில் அப்பாவோடு வந்து இறங்குவேன், உன் சமையலறைப் பக்கம் வர மாட்டேன். நிமாயின் படகை அன்றைக்கு முழு நாளும் எனக்கென்று பேசிவிட்டேன். படித்துறையில் நீங்கள் வேறு எந்தப் படகைப் போட்டிருந்தாலும் சரி, நான் அவன் படகில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வா, பறவையைத் தண்ணீரில் காட்டு, உன்னை விட அதை நன்றாகச் சொல்லத் தெரிந்தவன் யார்? சாப்பாட்டுக்கு நிமாய் வீட்டில் மீன் குழம்பு ஆக்கச் சொல்லியிருக்கிறேன். பிடிக்காதவர்கள் போகட்டும். பொங்கலுக்கு இந்த மலர் வரும்போது நீ எதைப் பரிமாறினாய் என்பது படிக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு கடிதமும் எழுதியிருக்கிறேன், அந்த வட்டாரத்து வனத்துறை அலுவலகத்துக்கு. எத்தனை குளிர்காலம், எத்தனை பறவை வாங்கினேன், எப்படி வாங்கினேன் எல்லாம் ஒளிக்காமல் எழுதியாகிவிட்டது. அதை நானே கையில் கொண்டுவருகிறேன், அன்றைக்குச் சாயங்காலம் நேரில் கொடுக்கப் போகிறேன். என்னை என்ன செய்வார்களோ செய்யட்டும். அதில் குற்றம் செய்தவர்கள் என்று போட்டு, ஒன்று என்று எண் இட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். கீழே இரண்டு என்று எண் மட்டும் போட்டு, அந்த வரியை விட்டு வைத்திருக்கிறேன். பேனாவும் பையில்தான் இருக்கிறது. என் கையால் உனக்கு ஊட்டினது போதும்டா கண்ணா, என் கையால் உன் பெயரை அங்கே எழுத வைக்காதே.

உன் அம்மா